என் பேருக்கு வால் வைத்த அண்ணாச்சி

"ஞானமுத்து அண்ணாச்சி போயிட்டாரு கண்ணு" என்று கீபோர்டு கிட்டு அண்ணன் போனில் சொன்னார். "எங்கீங்கண்ணா?" என்று கேட்டுவிட்டேன். வருஷா வருஷம் சர்ச்சில் போடும் அசன விருந்துக்கென்று அண்ணாச்சி சாத்தான்குளம் பக்கம் தன் ஊருக்குப் போவார், போனால் ஒரு வாரம் ஆள் கிடைக்க மாட்டார். அப்படித்தான் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கிட்டு அண்ணன், "எல்லாரும் போற எடத்துக்குத்தான்" என்றார். சென்னையில் ஒரு பாட்டுப் பதிவில் இருந்தேன். பதிவை நிறுத்திவிட்டுக் கிளம்புகிறேன் என்றதும், ஒலிப்பதிவு செய்யும் தம்பி அவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். அண்ணாச்சி சொந்தமும் இல்லை, குருவும் இல்லை. பாடினால் தகரக் கதவை இழுப்பது போல இருக்கும். யோசித்து, "என் பேருக்கு வால் வைத்தவர்" என்றேன். நான் விளையாடுவதாக நினைத்து அவன் சிரித்தான்.

'பனித்துளி இன்னிசைக் குழு'வைக் கோயில் திருவிழாக்களில் கேட்டவர்களுக்கு அண்ணாச்சியை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருப்பூரில் யாரும் அதைப் பனித்துளி என்று சொன்னதும் இல்லை, 'பனியன்துளி' என்பார்கள். வாசிப்பவர், பாடுபவர், மைக் செட் கட்டுபவர் எல்லோரும் பனியன் கம்பெனி ஆட்கள். அண்ணாச்சி வாரம் முழுக்க ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து தைப்பார். திருவிழா நாளில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு அறிவிப்பாளர் ஆகிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனுசன், மாரியாத்தாளைப் பற்றி அவர் அறிவித்தால் பூசாரிக்கே சாமி வரும்.

நான் பல்லடத்துப் பக்கம் தறி ஓட்டுகிறவர் மகள். எங்கள் ஊட்டோடு சேர்ந்தாற்போலத் தறிக்கூடம். தறிச் சத்தத்துக்கு மேலே பாடினால்தான் என் பாட்டு எனக்கே கேட்கும். அப்படித்தான் எனக்கு இந்தத் தொண்டை வந்தது, வேறு எந்த வரமும் இல்லை. ஏழு வயதிருக்கும்போது எங்கள் ஊர் மாரியம்மன் பொங்கலுக்குப் பனித்துளி வந்தது. குழுவில் பாடும் அக்காவுக்கு அன்று தொண்டை கட்டிக்கொண்டது. அப்பா எழுந்து போய், "எம் புள்ள பாடுமுங்க" என்று கிட்டு அண்ணனிடம் சொல்லி என்னை மேடையில் தூக்கி விட்டுவிட்டார்.

அண்ணாச்சி தெற்கிலிருந்து திருப்பூருக்கு வந்து அப்போது இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதுதான் அவருடைய முதல் மேடை. குனிந்து மைக்கை என் வாயருகே நீட்டி, "பேரு என்ன பாப்பா?" என்றார்.

"சுபாங்க" என்றேன்.

எங்கள் பக்கம் படுத்திருக்கும் நாயைக்கூடத் 'தள்ளிப் படுங்க சாமி' என்று சொல்லித்தான் தாண்டுவோம். பெரியவர் கேட்டால் சொந்தப் பேரைக்கூட 'ங்க' போட்டுத்தான் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஊட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பூசை கிடைக்கும். புதிதாக வந்த மனுசனுக்கு அது எப்படித் தெரியும்? பிள்ளை கடைசி எழுத்தை விழுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். நிமிர்ந்து, ஊரே அதிரும்படி, "இதோ உங்கள் முன், மழலைக் குயில், பேபி சுபாங்கி" என்றார்.

அவர் கோட்டைப் பிடித்து இழுத்து, "சுபாங்கி இல்லீங்க, சுபாங்க" என்றேன். "அதத்தானட்டி நானும் சொல்லுதேன்" என்றார். இன்னொரு தரம் சொன்னேன். அதற்கும் அதையே சொன்னார். சரியாகப் புரிய வைக்க வேண்டுமென்றால் 'ங்க'வைக் கழற்றிவிட்டு வெறும் 'சுபா' என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு பெரியவர் முகத்துக்கு நேராக, மைக்கில், ஊரே பார்க்க, முன்வரிசையில் அம்மா உட்கார்ந்திருக்க அதை எப்படிச் சொல்வது? மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டேன், பேரை விட்டுவிட்டேன். அடுத்த வாரமே பனித்துளி நோட்டீஸில் 'பேபி சுபாங்கி' என்று அச்சாகி வந்துவிட்டது.

அண்ணாச்சிக்கு ஒரு கொள்கை உண்டு. "மைக்கில் சொன்னது சொன்னதுதான்" என்பார். கணியூரில் ஒருமுறை ஒரு பண்ணையக்காரர் குடும்பம் டியூப் லைட்டுக்கு நன்கொடை கொடுத்திருந்தது. அண்ணாச்சி சீட்டைத் தப்பாகப் பார்த்து, கச்சேரி முடிந்ததும் அவர்கள் எல்லோருக்கும் சாப்பாடு போடுவதாக அறிவித்துவிட்டார். சனம் கைதட்டித் தீர்த்தது. பண்ணையக்காரர் மேடைக்கு ஏறி வந்து, ஏனுங்க இது, நான் எப்பங்க சொன்னேன் என்று குதித்தார். அண்ணாச்சி மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, இனி மாற்றினால் கெடப்போவது தன் பேர் இல்லை என்று பதமாக எடுத்துச் சொன்னார். பண்ணையக்காரர் கூட்டத்தைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், பிறகு ஆளனுப்பி அரிசி எடுத்துவரச் சொன்னார். அந்தக் குடும்பம் இன்றைக்கும் வருஷா வருஷம் சாப்பாடு போடுகிறது. தாத்தன் காலத்து வேண்டுதல் என்று பேரப்பிள்ளைகள் சொல்லிக்கொள்கிறார்கள்.

மூலனூரில் என் முறை வருவதற்குள் நான் தூங்கிப் போனேன். கீபோர்டுக்குப் பின்னால் சமுக்காளத்தில் சுருண்டு கிடந்தேன். எழுப்பிப் பார்த்தார்கள், எழவில்லை. அண்ணாச்சி அசரவில்லை. "பேபி சுபாங்கி விமானத்தை விட்டு இறங்கிவிட்டார்" என்றார். பிறகு கார் காங்கேயம் தாண்டிவிட்டது என்றார். பிறகு தாராபுரத்தில் ரசிகர்கள் மறித்துக்கொண்டார்கள் என்றார். வழியில் இருக்கிற ஊரெல்லாம் தீர்ந்துபோய், கார் திரும்பவும் காங்கேயம் வந்தபோது நான் கொட்டாவி விட்டபடி எழுந்து வந்தேன். பாவாடையில் சமுக்காளத்து நூல் ஒட்டியிருந்தது. ஆனாலும் கூட்டம் விமானத்தில் வந்த பிள்ளையைத்தான் பார்த்தது. முருங்கைக்காய் மண்டிக்காரர்கள் ஆளுயரக் கட்டொன்றை என் தோளில் சாத்தினார்கள். ஒரு வாரம் எங்கள் ஊட்டில் முருங்கைக்காய்க் குழம்புதான்.

அவர் எனக்குக் கொடுத்த பட்டங்களெல்லாம் கம்பெனியிலிருந்து நேராக வந்தவை. "எக்ஸ்போர்ட் குவாலிட்டி குரல், ஒரு டேமேஜ் கிடையாது" என்பார். கீழே இருக்கும், கம்பெனியில் துணிக்குப் பழுது பார்க்கிற செக்கிங் அக்காமார்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்குப் பதினான்கு வயதானது, தாவணி போட்டேன், அப்போதும் நான் பேபிதான். பள்ளிக்கூடத்தில் கேலி தாங்கவில்லை, பேபியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று அழுதேன். லேபிளைக் கிழித்தால் ரேட்டு விழுந்துவிடும் என்றார். அழுகை நிற்காததைப் பார்த்து, சரி என்று தலையாட்டினார். மறுநாள் மேடையில், "இதோ உங்கள் முன், முன்னாள் பேபி சுபாங்கி" என்றார். கவுன்சிலருக்குத்தான் முன்னாள் போடுவார்கள் என்று கிட்டு அண்ணன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

டிவி போட்டிக்குச் சென்னை போனபோது என் சொந்தப் பேரை மீட்டுவிடலாம் என்று ஆசைப்பட்டேன். சான்றிதழ்படி சுபா என்றே கொடுத்தேன். அங்கே ஏற்கெனவே ஒரு சுபா இருந்தாள். இரண்டு சுபாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்கள் குழம்பிக்கொண்டிருந்தபோது, பார்வையாளர் வரிசையிலிருந்து 'சுபாங்கி' என்று ஒரு குரல் மைக் இல்லாமலே அரங்கம் முழுக்கக் கேட்டது. கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு ஒரு பஸ் ஆளோடு அண்ணாச்சி வந்திருந்தார். பேர் நல்லாயிருக்கே என்று டைரக்டர் சொல்லிவிட்டார். அதோடு சுபா போனாள். பிறகு நான் எழுதிப் பாடிய 'கம்பெனி வேன்' பாட்டு எல்லா போனிலும் ஓடியது. ஓவர்லாக் மிஷின் சத்தத்தையே தாளமாக வைத்த பாட்டு அது. போஸ்டர் வந்தது, வெளிநாட்டு மேடை வந்தது. உங்கள் வெற்றிக்கே இந்தப் பேர்தான் காரணம், வைத்தவர் பெரிய ஞானியாக இருக்க வேண்டும் என்று ஒரு எண் ஜோசியர் பேட்டி கொடுத்தார்.

அதைக் கேட்ட நாளிலிருந்து அண்ணாச்சியைப் பிடிக்க முடியவில்லை. மூன்று நாள் உபவாசமிருந்து ஜெபித்தபோது கிடைத்த பேர் என்று கேமரா நீட்டியவர்களிடமெல்லாம் சொன்னார். பனித்துளியில் அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பெரிய மனுசனைப் பார்த்து, நீங்க தப்பாக் கேட்டுட்டீங்க என்று எங்கள் ஆட்கள் எப்படிச் சொல்வார்கள்? எனக்குச் சில நேரம் பொறுக்காது. அப்பா, "அவரு சந்தோசமா இருக்காரு, உடு கண்ணு" என்று சொல்லிவிடுவார்.

திருப்பூரில் என் பெரிய கச்சேரி ஏற்பாடானபோது அண்ணாச்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டார், தான் அறிவிக்க வேண்டும். கச்சேரியை நடத்துகிற பெங்களூர்க்காரர்கள் கோட்டு சூட்டு போட்ட ஒரு தொகுப்பாளரை வைத்திருந்தார்கள். அண்ணாச்சி இல்லையென்றால் நானும் இல்லை என்றேன். ஒரே ஒரு நிமிடம் கொடுத்தார்கள். அப்புறம்தான் அண்ணாச்சி என் தலையில் கல்லைப் போட்டார். முதல் நாள் மேடையை அப்படியே நடத்திக் காட்டப் போகிறாராம். "நான் பேரு என்ன பாப்பான்னு கேப்பேன். அன்னைக்குச் சொன்ன மாதிரியே சொல்லணும், என்னட்டி?" என்றார்.

அன்றைக்குச் சொன்ன மாதிரியே சொன்னால் மைதானம் முழுக்கக் கொங்குச் சனம், ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும். ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்கும். அவர் வாழ்நாளில் பெருமையாக வைத்திருந்த ஒரே விஷயம், அவர் ஆசைப்பட்ட ஒரே மேடையில், என் வாயாலேயே உடையும். வேண்டாமுங்க, நேராக அறிவித்துவிடுங்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மனுசன் கேட்கவில்லை.

அன்று அதே வெள்ளைக் கோட்டு, இரண்டு பக்கமும் பிரித்துத் தைத்திருந்தது. குனிய முடியவில்லை, ஆனாலும் குனிந்தார். "பேரு என்ன பாப்பா?" என்றார். என் முகம் பின்னால் திரையில் வீடு அளவுக்குத் தெரிந்தது.

"சுபாங்கி" என்றேன். திருப்பூர் மண்ணில் என் வாயால் நான் அந்தப் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அண்ணாச்சி மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பொய்" என்றார். "இந்தப் புள்ள அன்னைக்குச் சுபாங்கன்னுதான் சொல்லிச்சு. உங்க ஊரு மரியாதை எனக்குத் தெரியாது. அதையும் பேரோட சேத்து வச்சுத் தச்சுப்புட்டேன்."

கூட்டத்துக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. அண்ணாச்சி சிரிப்பு அடங்கும்வரை தொழில்காரராக நிதானமாக நின்றார். "ஆனா, மைக்கில் சொன்னது..." என்று ஆரம்பித்தார், மிச்சத்தை மைதானமே சொல்லி முடித்தது. நான் அழுதுகொண்டே முதல் பாட்டைப் பாடினேன். சுருதி விலகியது, யாரும் கண்டுகொள்ளவில்லை.

எப்போதிலிருந்து தெரியும் என்று மேடைக்குப் பின்னால் கேட்டேன். மறுநாள் காலையிலேயே என்றார். கம்பெனியில் பக்கத்து மிஷின் பிள்ளையிடம் பேர் கேட்டிருக்கிறார், மல்லிகாங்க என்றதாம். அடுத்தது செல்விங்க என்றதாம். "அப்பந்தான் எனக்குப் பக்குன்னுச்சு" என்றார். அப்புறம் ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை, உபவாசக் கதை வேறு எதற்கு என்று சண்டைக்குப் போனேன். "நான் வருத்தப்படக் கூடாதுன்னுதான நீங்க அம்புட்டு பேரும் வாய மூடிட்டு இருந்திய? நான் சொல்லிட்டா உங்க மரியாதை வீணாப் போயிருமேன்னு நானும் இருந்தேன்" என்றார். இப்படியும் ஒரு ஊர் உண்டா, இப்படியும் ஒரு மனுசன் உண்டா என்று நினைத்தேன், இன்னும் நினைக்கிறேன்.

அடக்கத்துக்குப் போனபோது வீட்டு வாசலில் பனித்துளிக்காரர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். அண்ணாச்சியைப் பெட்டியில் வைத்திருந்தார்கள், அதே வெள்ளைக் கோட்டு. அவர் மனைவி லில்லி அக்கா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார். ஜெபம் நடத்தியவர் தெற்கிலிருந்து போன மாதம்தான் வந்த வயசான உபதேசியார். சினிமா, டிவி எதுவும் பார்க்காத மனுசர். ஒரு பாட்டுப் பாட யாராவது உண்டா என்று கேட்டார். லில்லி அக்கா என்னைக் காட்டினார். உபதேசியார் வந்து மைக்கை நீட்டி, "பேரு என்னம்மா?" என்றார்.

பெரியவர் கேட்கிறார், அண்ணாச்சி எதிரே படுத்திருக்கிறார். வந்தது அந்த ஒன்றுதான்.

"சுபாங்க."

அவர் திரும்பி நின்று, "அடுத்ததாக, சகோதரி சுபாங்கா பாடுவார்கள்" என்றார்.

வாசலில் கிட்டு அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இல்லீங்க என்று சொல்ல நான் வாயெடுத்தேன். லில்லி அக்கா என் கையை அழுத்தினார்.

"விடு தாயி" என்றார். "மைக்ல சொன்னது சொன்னதுதான்."

சான்றிதழில் சுபா, போஸ்டரில் சுபாங்கி, அண்ணாச்சியின் முன்னால் கடைசியாகச் சுபாங்கா. மூன்றையும் நான் வைத்துக்கொள்கிறேன். எழுந்து போய், மிஷினில் உட்கார்ந்தபடி அவர் தகரக் குரலில் முணுமுணுக்கும் ஞானப்பாட்டைப் பாடினேன். எனக்கு அதில் முதல் இரண்டு வரிதான் தெரியும், அதையே திரும்பத் திரும்பப் பாடினேன்.