முத்திரையைக் கழுவுவது யார்?

ஆட்டுத்தொட்டியில் அறுத்த ஆட்டைச் சோதித்து முத்திரை குத்திய பிறகே கறி கடைக்குப் போக வேண்டும் என்பது விதி. திண்டுக்கல் பக்கத்து ஊரொன்றில் அந்த முத்திரை என் பொறுப்பில் இருந்தது. தொண்ணூறுகளில் ஒரு காலை, கால்நடை மருத்துவ மாணவர்களோடு ஓர் ஆசிரியர் அங்கே வந்தார்.

ஒடிசலான ஆள். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் சாக்பீஸ். எதைப் பார்த்தாலும் தரையில் வட்டம் போட்டு, "இதுக்கு முன்னாடி என்ன, பின்னாடி என்ன?" என்று மாணவர்களைக் கேட்டு அம்புக்குறி இழுப்பார். யார் தவறு என்று மட்டும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காதவர்தான் மேலே எழுதிப்போடுவார் என்பது என் சர்வீஸ் அனுபவம்.

ஆடு, கத்தி, தண்ணீர், கொக்கி என வட்டங்கள் பெருகின. கத்தியும் கொக்கியும் பல; எல்லா ஆட்டையும் தொட்டுவந்த ஒரே வட்டம் என் முத்திரை.

"இதை எப்பக் கழுவுவீங்க சார்?"

ஆடறுக்கும் பாய் சிரித்தார். "அது கவர்மென்ட் சாமான். நாங்க தொட்டா சார் வைவாருல்ல!"

அன்றே விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். கழுவச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. அந்த ஆசிரியர் முந்திக்கொள்வதற்குள், யார் கழுவுவது என்று விளக்கம் கேட்டு நானே மேலிடத்துக்கு எழுதினேன். அவர் எழுதவே இல்லையாம். அதுதான் இன்றும் எனக்குப் புரியவில்லை.

உத்தரவில்லாமலே தினமும் வெந்நீரில் கழுவினேன். சர்வீஸில் நான் மீறிய ஒரே நடைமுறை அது. "தாங்களே கழுவலாம்" என்ற பதில், நான் ஓய்வு பெற்ற மறுநாள் வந்து சேர்ந்தது.