ஃபெஸ் நகரத்துச் சந்தில் காலி சிலிண்டர் காட்டிய வழி

மொராக்கோவில் தொலைந்துபோய், இன்று காலைதான் சிட்னி ஹோம்புஷ் வீடு வந்து சேர்ந்தோம்!

(வழியைத் தொலைத்தது நான் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.)

எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். எனக்கு வழி தெரியாது.

கல்யாணமான நாளிலிருந்து இதுதான் குடும்ப ஜோக். பரமட்டா கார் பார்க்கிங்கில் காரைத் தேடிக் களைத்துப்போய் செக்யூரிட்டியைக் கூப்பிட்டவள் நான். (காரை நிறுத்தியது வேறு மாடியாம்!)

இந்த முறை கிளம்பும்போதும் விடவில்லை. என் கொழுந்தன் பிரபு வீடியோ காலில் வந்தான்.

"அண்ணே, அண்ணி கைய விட்றாத. அங்க தொலைச்சா கிடைக்காது!"

என் வீட்டுக்காரர் செந்தில் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரி, ஃபெஸ் கதைக்கு வருகிறேன்.

ஃபெஸ் பழைய நகரத்தைச் சுற்றி மதில். உள்ளே சந்து, சந்துக்குள் சந்து, அதற்குள் இன்னொரு சந்து! காருக்கு இடமே இல்லை. அரிசி மூட்டையிலிருந்து ஃபிரிட்ஜ் வரை கோவேறு கழுதை முதுகில்தான் வருகிறது. ஓட்டுகிறவர் "பாலாக்! பாலாக்!" என்று கத்தினால் ஒதுங்கு என்று அர்த்தம். ஒதுங்காவிட்டால் கழுதையே நம்மைச் சுவரோடு ஒட்டிவிடும்.

கடைசி நாள், கைடோடு குரூப்பாக நடை. கைட் பெயர் யூசுப். தொப்பி வைத்துத் தைத்த நீல அங்கி, கால் வரைக்கும். வேனை விட்டு இறங்கியதுமே கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஒரு மணிக்கு வேன் இதே வாசல்லேர்ந்து ஏர்போர்ட் கிளம்பும். மத்தவங்களுக்கும் ஃபிளைட் இருக்கு. யாருக்காகவும் நிக்காது."

"இந்த வாசலுக்குப் பேர் என்னங்க?" என்று செந்திலிடம் கேட்டேன்.

"பேர் எதுக்கு? மேப்புல பின் போட்டுட்டேன்ல!" என்று போனை ஆட்டிக் காட்டினார்.

தோல் பதனிடுகிற தொட்டிகள், செம்பு தட்டுகிற தெரு, மரத்தில் பூவேலை செய்த பழைய பள்ளிக்கூடம் என்று யூசுப் அருமையாகக் காட்டிக்கொண்டு போனார். செந்தில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு போட்டோ.

"சீக்கிரம் வாங்க, எல்லாரும் போறாங்க!"

"இரு கவி, லைட் சூப்பரா இருக்கு!"

அந்த நேரம் பார்த்து "பாலாக்!" வரிசையாகக் கழுதைகள். நாங்கள் சுவரோடு ஒட்டினோம். அவை கடந்து போனதும் பார்த்தால், குரூப்பைக் காணோம்!

"அதோ யூசுப்!" என்று செந்தில் ஓடினார். முன்னால் நீல அங்கி போய்க்கொண்டிருந்தது. அவர் திரும்பிய சந்தில் எல்லாம் நாங்களும் திரும்பினோம். கடைசியில் அவர் ஒரு கதவைத் திறந்தார். நாங்களும் பின்னாலேயே நுழையப் போனோம்!

அவர் திரும்பிப் பார்த்தார். கையில் ஒரு புதினாக் கட்டு. பாவம், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த யாரோ ஒரு பெரியவர்!

(அவர் "உள்ளே வாங்க" என்றுதான் கை காட்டினார். எவ்வளவு நல்ல மனிதர்!)

போனில் சிக்னல் இல்லை. மேப்பில் நீலப் புள்ளி ஒரு வீட்டுக் கூரைமேல் நின்று சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு கடைக்காரரிடம் வழி கேட்டேன். அவர் நியாயமாகத் திருப்பிக் கேட்டார்.

"எந்த வாசல்?"

நான் செந்திலைப் பார்த்தேன். செந்தில் போனைப் பார்த்தார்.

ஒரு மணிக்கு அதிக நேரம் இல்லை. ஃபிளைட் போனாலாவது வேறு டிக்கெட் போடலாம். பிரபுவுக்கு என்ன சொல்வது? யார் தொலைத்தாலும் பழி என் தலையில்தான் விழும். "அண்ணி மொராக்கோவுல வழி தவறி ஃபிளைட்ட விட்டாங்க" என்று என் பேத்தி காலம் வரைக்கும் ஓட்டுவார்கள்!



அப்போதுதான் அந்தச் சத்தம். டங்... டங்... டங்...

இதைப் படிக்கிற எந்தத் தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கும் அந்தச் சத்தம் தெரியும். காலி காஸ் சிலிண்டர்!

ஒரு கழுதை முதுகில் நான்கைந்து தொங்கிக்கொண்டு, ஒன்றோடொன்று மோதிக்கொண்டு போனது. முழு சிலிண்டர் இப்படிக் கணகணக்காது.

காலையில் எங்கள் வேனுக்குப் பக்கத்தில்தான் ஒரு காஸ் லாரி நின்றது. அதிலிருந்து இறக்கிக் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிட்னியில் ஒரு கிடங்கில் லாரிகளுக்கு நேரம் போட்டுக்கொடுப்பதுதான் என் வேலை. எந்த ஊரில் லாரியைப் பார்த்தாலும் என் கண் அங்கேதான் போகும்.

"என்னங்க, இந்தக் கழுத பின்னாடி வாங்க!"

"லூசா நீ?"

"லோட எறக்கிட்டு காலியாப் போற வண்டி எங்க போகும்? ஏத்துன எடத்துக்குத்தான! வாங்க!"

வேறு வாசலிலும் காஸ் லாரி நிற்கலாமே என்று பயம்தான். காட்டிக்கொள்ளவில்லை. டங் டங் சத்தத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தேன். சந்து மேடேறியது. மூச்சு வாங்கியது. ஒரு திருப்பத்தில் சத்தம் நின்றே போனது! ஓடிப்போய்ப் பார்த்தால் கழுதை தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அதற்காக நின்றோம். வேறு வழி?

அடுத்த திருப்பத்தில் வெயில் பளீரென்று அடித்தது.

வாசல்! காஸ் லாரி! அதை ஒட்டி எங்கள் வேன்!

டிரைவர் மட்டும்தான் இருந்தார். குரூப்பே இன்னும் வரவில்லை. நாங்கள்தான் முதல்!

கொஞ்ச நேரத்தில் யூசுப் மற்றவர்களோடு வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். எங்களைத் தேடிச் சந்து சந்தாக அலைந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் அவருக்கு நம்பவே முடியவில்லை.

"மேடம், யார் கூட்டிட்டு வந்தாங்க?"

நான் கழுதையைக் காட்டினேன். யூசுப் நெஞ்சில் கைவைத்து என்னைப் பார்த்துத் தலை குனிந்தார். (இதற்கு போட்டோ இல்லை. போட்டோகிராபர் அப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்!)

வேன் கிளம்பியது. செந்தில் தானாகவே போனை எடுத்து பிரபுவைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில்.

"டேய், இன்னிக்கு நான் தொலைஞ்சு போயிட்டேன்டா. உங்க அண்ணிதான் வெளிய கூட்டிட்டு வந்தா. அவ இல்லன்னா ஃபிளைட் போயிருக்கும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விடுவேனா?

"என்னங்க, சிக்னல் சரியில்ல போல. தம்பிக்குக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க!"

(சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.)