மூன்று பக்கங்கள்

என் கட்டுரை வந்திருந்த பத்திரிகையை அக்கா மேசைமேல் விரித்து வைத்தார். அவருடைய புத்தகத்திலிருந்து நான் எடுத்துப் போட்டிருந்த வரிகளையெல்லாம் பென்சிலால் கோடிட்டிருந்தார். என்னுடைய வரிகளைவிடக் கோடிட்ட வரிகளே அதிகம் என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

எட்டாவதோடு படிப்பை விட்டு, மரக்காணம் உப்பளத்தில் இருபது வருடம் உப்பு வாரியவர் அவர்; என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்றே கூப்பிடுவேன். நாற்பதைத் தாண்டிய பிறகு தன் வாழ்க்கையை அறுபது பக்கத்தில் எழுதினார். சிறிய பதிப்பகம் ஒன்று அதைப் புத்தகமாக்கியது. நான் பக்கத்து ஊர்ப் பள்ளியில் தமிழாசிரியை. படித்த வேகத்தில் விமர்சனம் எழுதினேன். புத்தகத்தில் ஓர் இடம்: சித்திரை மாதத்தில் ஒரு மத்தியானம் திடீர் மழை பிடித்து, குவித்து வைத்த உப்பெல்லாம் கரைந்து ஓடுகிறது. வரப்பில் நின்று அதைப் பார்த்த அவருடைய அம்மா ஒரு காரியம் செய்கிறார். அந்த மூன்று பக்கத்தையும் ஒரு வரி விடாமல் கொடுத்திருந்தேன். அதுதான் நான் செய்யக்கூடிய மரியாதை என்று நினைத்தேன்.

உங்கள் பேரைப் போட்டிருக்கிறேன், அறுபதில் மூன்று பக்கம்தானே என்று சமாதானம் சொன்னேன். அக்கா கோபப்படவில்லை. நிதானமாகத்தான் பேசினார்.

"மூணு பக்கம்தான் டீச்சர். அதைச் சொல்றதுக்குத்தான் மீதி அம்பத்தேழு பக்கம் எழுதினேன். எங்க ஊர்ல உங்க கட்டுரையப் படிச்சவங்க, புக்கே படிச்ச மாதிரி இருக்குதுன்னு சொல்றாங்க. இனி எதுக்கு என் புக்கைத் தொறப்பாங்க?"

அன்று மாலை வக்கீலாக இருக்கும் என் தோழியைக் கேட்டேன். விமர்சனத்துக்காக மேற்கோள் காட்டலாம், ஆனால் இத்தனை பக்கம் வரை என்று சட்டத்தில் எங்கும் இல்லை என்றாள். சொல்ல வந்ததற்கு எவ்வளவு தேவைப்பட்டது, எடுத்தது அந்தப் புத்தகத்தின் உயிரா, அதைப் படித்தவருக்கு மூலப் புத்தகம் வேண்டாமல் போகுமா என்றெல்லாம் பார்ப்பார்களாம். அக்கா இதையேதான் தன் பேச்சில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கட்டுரை என் தொகுப்பில் சேர்ந்தபோது திருத்தி எழுதினேன். அவருடைய மொழியின் அழகைக் காட்ட, மழை தொடங்கும் ஐந்து வரி போதுமானதாக இருந்தது; அம்மா என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் விட்டேன். மீதி இடத்தில், அவர் எழுத்து என்னை ஏன் உலுக்கியது என்று நானே யோசித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. முன்னதைவிட இது நல்ல கட்டுரை. கையெழுத்துப் பிரதியைப் படித்த அக்கா, "இப்பதான் நீங்க பேசியிருக்கீங்க" என்றார்.

போன மாதம் திண்டிவனத்தில் என் தொகுப்பைப் பற்றி ஒரு வாசகர் கூட்டம். அக்காவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் எழுந்து, மழையில் அந்த அம்மா என்னதான் செய்தார் என்று கேட்டாள். எழுதியவரே இருக்கிறார், அவருடைய புத்தகத்தில் இருக்கிறது என்று கையைக் காட்டினேன். கூட்டம் முடிந்ததும் ஏழெட்டுப் பேர் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். பையிலிருந்து ஒவ்வொரு பிரதியாக எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த அவரைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நிறைவாக இருந்தது.