வாயசைக்கச் சொன்னேன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மதுரையில் எங்கள் லுத்தரன் சபையின் பாடகர் குழுவுக்கு நான்தான் பயிற்சி கொடுத்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை, ஆர்மோனியம் வாசிக்கத் தெரியும், நாலு குரல் பாட்டும் கற்றிருந்தேன். இருபத்துநாலு வயதுப் பெண்ணுக்குத் தலைக்கனம் ஏற இவ்வளவு போதாதா?

குழுவில் அல்டோ என்ற தாழ்குரலைப் பாடிய பெண்களில் ஒருவர் எங்கள் பள்ளி விடுதியில் சமைக்கும் அக்கா. எழுமலைப் பக்கத்து விவசாயக் குடும்பம். கணவர் இறந்த பிறகு ஞானஸ்நானம் பெற்றவர். "எனக்கு வேதம் வாசிக்கத் தெரியாது டீச்சர். பாடத்தான் தெரியும்" என்பார். வெண்கலக் குரல். ஆனால் அல்டோவின் சுரத்தில் நிற்கவே நிற்காது. மேல்குரலில் மெட்டைப் பாடும் சொப்ரானோக்காரர்கள் எடுத்ததும் மெட்டின் பின்னால் ஓடிவிடும். பக்கத்தில் நிற்பவர்களையும் இழுத்துக்கொண்டு போகும்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு வெளியூரிலிருந்து மிஷனரி துரை வருவதாக இருந்தது. அக்காவை நிறுத்திவிடலாம் என்றால், வரிசை பல் விழுந்த வாய் மாதிரி தெரியும். ஒத்திகை முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டேன்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை சத்தம் வேண்டாம். வாயை மட்டும் அசைச்சாப் போதும்."

"சத்தமே வேண்டாமா டீச்சர்?"

"வேண்டாம். யாருக்கும் தெரியாது."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "சரிங்க டீச்சர்" என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

பாட்டு நன்றாக அமைந்தது. துரை என்னைத் தேடி வந்து பாராட்டினார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

எங்கள் சபையில் இராப்போஜனத்துக்கு, அதாவது பீடத்தில் அப்பமும் ரசமும் வாங்க, வருகிறவர்கள் முந்தின நாளே குருவானவரிடம் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். யாருடனாவது மனத்தாங்கல் இருந்தால் அதைச் சொல்லி, தீர்த்துக்கொண்ட பிறகுதான் பெயர் எழுதுவார். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, வரிசையில் எனக்கு முன்னால் அக்கா நின்றிருந்தார்.

"என் பேரை எழுதாதீங்கய்யா. போன ஞாயிறு பாடாமலே பாடுற மாதிரி வாயை அசைச்சேன். ஆண்டவருக்கு முன்னால அம்புட்டுப் பேரையும் ஏமாத்திட்டேன்."

குருவானவர் பேனாவைக் கீழே வைத்தார். "யாராச்சும் சொல்லிச் செஞ்சியாம்மா?"

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. "இல்லைங்கய்யா. எனக்காத்தான் தோணுச்சு."

நான்தான் சொன்னேன் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகியிருக்கும்? சொல்லவில்லை. குருவானவர் மன்னிப்பு உண்டென்று ஆறுதல் சொல்லி, அவர் பெயரை எழுதிக்கொண்டார். என் முறை வந்தது.

"யாரோடயும் மனத்தாங்கல் உண்டா டீச்சர்?"

"இல்லைங்கய்யா."



மறுநாள் பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டபோது பக்கத்தில் அக்காவைத் தேடினேன். அவர் எழுந்து வரவேயில்லை. வாயசைத்த முதல் பொய்யைச் சொல்லி அழ அவருக்குக் குருவானவர் இருந்தார். யாரும் சொல்லவில்லை என்று எனக்காகச் சொன்ன இரண்டாவது பொய்யை யாரிடம் சொன்னாலும் என்னைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். அதனால் பெயர் எழுதியிருந்தும் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

நான் அப்பத்தையும் ரசத்தையும் வாங்கிக்கொண்டேன்.