இடது இருக்கையில் அக்கா

மழை வலுத்தால் என் கை தானாகக் குடையைத் தேடும். இத்தனைக்கும் காருக்குள்தான் இருக்கிறேன். மகள் ஓட்டுகிறாள். அம்பாசமுத்திரம் போகிறோம். நீளக் காம்புக் குடையை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டால்தான் எனக்கு இருப்புக் கொள்ளும்.

"காருக்குள்ள எதுக்குப்பா குடை?"

"நீ ரோட்டைப் பாரு. முன்னால போற லாரிய ஒட்டாத. பைய போ."

சேரன்மகாதேவி வருவதற்குள் எத்தனை 'பைய' சொல்லித் தொலைத்தேனோ, அவள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து என் கையில் திணித்துவிட்டாள். வாயை அடைக்கத்தான். பிஸ்கட் வாசமும் ஈரக் குடை வாசமும் கலந்ததில் எனக்குப் பழைய வேன் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது பாளையங்கோட்டையில் ஒரு அண்ணாச்சியின் பிஸ்கட் ஏஜென்சிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓடைகளுக்கெல்லாம் தரைப்பாலம்தான். ஐப்பசி மழையில் பாலத்துக்கு மேலேயே தண்ணீர் ஓடும். எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. டிரைவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர், புது மாப்பிள்ளையாகவே இருந்தாலும், இறங்கிக் குடையோ கம்போ ஊன்றி வண்டிக்கு முன்னால் நடக்க வேண்டும். அவர் தாண்டினால் வண்டி தாண்டும். பாதுகாப்பு என்று நாங்கள் அறிந்தது அவ்வளவுதான்.

அன்றைக்கு இடது இருக்கையில் அக்கா. ஓடைக்கு அக்கரைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு நேர்முகம். வருடக்கணக்கில் காத்திருந்து வந்த அழைப்பு. பஸ்ஸில் சேலை கசங்கும் என்று என்னோடு ஏறியிருந்தாள். ஓடையில் செந்தண்ணீர். எங்கள் கண்முன்னே ஒரு பஸ் அதைக் கடந்து போனது.

"பஸ்ஸே போயிட்டுல்லா. விடுலே."

"பஸ்ஸு உசரம்க்கா. வேன் தாங்காது."

"அப்பம் நான் இறங்குதேன்."

தடுப்பதற்குள் இறங்கிவிட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குடையால் இரண்டு பக்கமும் தட்டியபடி நடந்தாள். நான் முதல் கியரில் ஊர்ந்தேன். நடுப்பாலத்தில் குடை கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. பஸ் அமுக்கியதிலோ என்னவோ, பாலம் பாதி பெயர்ந்திருந்தது. ஆள் நடக்கிற அகலம் மட்டும் மிச்சம். அவள் தாண்டிப் போயிருக்கலாம். ஆனால் வேனைப் பின்னால் எடுக்க, ஓரம் காட்ட ஓர் ஆள் வேண்டும். தண்ணீரோ ஏறிக்கொண்டிருந்தது.

அக்கா அக்கரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்புறம் வேனைச் சுற்றிப் பின்பக்கம் போனாள்.

"வாலே... நேரா வா... பைய, பைய."

கரையேறியதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அக்கா நனைந்த சேலையோடு பக்கத்தில் உட்கார்ந்து, சரக்கிலிருந்து ஒரு பாக்கெட்டைப் பிரித்தாள். "அண்ணாச்சிகிட்ட சொல்லிராத," என்றாள். அழுவதைப் பார்த்துவிட்டு, "ரோட்டைப் பாருலே," என்றாள்.

அந்த வேலை வேறு யாருக்கோ போயிற்று. அக்கா கடைசி வரைக்கும் வீட்டில் டியூஷன்தான் எடுத்தாள். போன ஐப்பசியில் அவளும் போய்விட்டாள். இது அவளுடைய குடைதான்.

அந்த ஓடையில் இப்போது உயரமான பாலம். கார் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் ஏறி இறங்கியது.

"பாலம் தாண்டியாச்சுப்பா. பயம் போச்சா?"

திரும்பிப் பார்த்தேன். பின்கண்ணாடியில் மழை மட்டும்தான் இருந்தது.