பின்னால் சாயும் கோடு

நிர்மலா போய்விட்டாள் என்று அவள் வீட்டுக்காரர் போன் செய்தபோது, நான் மெஷினில் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுவலியாம். அழுது முடித்ததும், அவள் நாற்காலியோடு விழுந்ததுதான் கண்ணில் நின்றது. சோமனூர் யூனிட்டில் கூட வேலை செய்த உங்களுக்கும் அது மறந்திருக்காது.

மேலே ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவள் எம்ப்ராய்டரி டிசைன் போடுவாள். கீழே மெஷின் பக்கத்துக் கம்ப்யூட்டரில் நான் அதை ஒயர் வழியாகத் திறந்து தைப்பேன். ஒரு ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் அணைத்து, துடைத்து, பொட்டு வைத்தோம். மறுபடி போட்டால் என் கம்ப்யூட்டரில் டிசைன் ஃபோல்டரைக் காணோம்.

"இதுக்குப் படிச்ச ஆளைத்தான் போடோணுமாட்ட இருக்குதுங்க அம்மணி," என்றார் முதலாளி என்னைப் பார்த்து. நான் அஞ்சாவது வரை படித்தவள். அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு வழியில்லை.

"எதுக்குங்க? நாளைக்குக் காலையில அம்மணியே கொண்டாருவா. நீங்களே நின்னு பாருங்க," என்று நிர்மலா முந்திக்கொண்டாள்.

அன்று மத்தியானம் சோற்றைக்கூடப் பிரிக்காமல், கம்ப்யூட்டருக்குக் கட்டளை டைப் செய்யும் கறுப்புத் திரையைத் திறந்து சொல்லிக்கொடுத்தாள். "இது விலாசம் எழுதறாப்பலதான். ரெண்டு கோடு போட்டா தெருவுக்கு வந்தாச்சு. ஆபீஸ் கம்ப்யூட்டர் பேரு, அது ஊடு. இன்னொரு கோடு போட்டு ஃபோல்டர் பேரு, அது ரூமு. கடைசியில மறக்காதேன்னு ஒரு வார்த்தை. இல்லீனா ஆஃப் பண்ணுனதும் மறந்துபோகும், எங்க ஊட்டுக்காரராட்ட."

"கோடு எந்தப் பக்கம் சாயோணும்?"

"சண்டைக்குப் போறவளாட்ட முன்னால சாயக்கூடாது. டீ குடிக்கறவளாட்டப் பின்னால சாயோணும்."

மறுநாள் முதலாளி பக்கத்தில் நிற்க, முன்னால் சாய்கிற கோட்டைப் போட்டுவிட்டேன். ஃபோல்டர் வரவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால், கீழே வந்து உட்கார்ந்திருந்த நிர்மலா நாற்காலியில் சாய்ந்து காட்டினாள். எனக்கு விளங்கவில்லை. இன்னும் சாய்ந்தாள். தடாலென்று விழுந்தாள். அவர் பதறிப்போய் அவளிடம் ஓட, எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோடுகளை மாற்றி என்டரைத் தட்டினேன்.

தரையில் கிடந்தபடியே கேட்டாள்: "வந்துருச்சா அம்மணி?"

"வந்துருச்சு. மொதல்ல நீ எந்திரி."

முதலாளியே சிரித்துவிட்டார். படிச்ச ஆள் பேச்சு அதோடு போயிற்று.

அவள் காரியம் முடிந்து வேலைக்கு வந்த அன்று கம்ப்யூட்டரைப் போட்டேன். ஃபோல்டர் தானாக வந்து நின்றது. உள்ளே அவள் பாதியில் விட்ட பூசணிப்பூ. கடைசி வார்த்தை இன்னும் வேலை செய்கிறது.

ஏதாவது கோளாறாகி ஃபோல்டர் தொலைந்த நாட்களில் மட்டும் மறுபடி டைப் செய்கிறேன். கோடு போடும் முன் ஒருதரம் நாற்காலியில் சாய்ந்துகொள்கிறேன். புதிதாக வந்த பெண் கேட்கிறாள்: "ஏனுங்க்கா, இடுப்பு வலியா?"

"இல்லீங் கண்ணு. கோடு பாக்கறேன்."