கரிப்புள்ளி இல்லாத பனியன்

என் வீட்டுக்காரர் சிலம்பம் ஆடுகிறவர். விடிந்ததும் செஞ்சிக் கோட்டைப் பக்கத்துத் திடலில் கம்பு, வீட்டுக்கு வந்ததும் ஃபோனில் ஷேர் வியாபாரம். "ரெண்டும் ஒண்ணுதான்டி. அடி வருதுன்னா கால பின்னால வச்சிடணும். நஷ்டம்னா கொஞ்சத்தோட வித்துட்டு வெளிய வந்துடணும், அவ்ளோதான்" என்பார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் போட்டது, பெண்ணின் நர்சிங் காலேஜுக்கென்று நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தையல் மிஷின் மிதித்துச் சேர்த்த பணம். எனக்குத் தூக்கம் வருமா?

திடலில் மோதிப் பழகும்போது கம்பு நுனியில் துணி சுற்றி, குழைத்த கரியில் தோய்த்துக்கொள்வார்கள். எதிராளி தொட்ட இடமெல்லாம் பனியனில் கறுப்பாகப் புள்ளி விழும். துவைப்பது நான்தானே! மனுஷன் ஒரு நாளும் மறைத்ததில்லை. "இன்னிக்கு விலாவுலயே வாங்கினேன்" என்று சிரித்துக்கொண்டே கழற்றிப் போடுவார். புள்ளியே இல்லாமல் அவர் வந்ததாக எனக்கு நினைவில்லை.

ஷேரில் மட்டும் புள்ளியே விழவில்லை. "இன்னிக்கு எப்டிங்க?" என்றால், "நல்லாதான் போவுது" என்பார். மறுநாளும் நல்லாதான். மாதம் முழுக்க நல்லாதான். எங்கேயோ இடித்தது. ஃபோன் எப்போதும் கவிழ்ந்தே கிடந்தது. நான் டீ கொண்டுபோனால் திரை அணைந்தது. குழம்பில் உப்பே போடவில்லை, அதுகூடத் தெரியாமல் சாப்பிட்டு எழுந்தார். இன்னொருத்தி இருக்கிறாளோ என்றுகூட நினைத்தேன். அப்படியென்றால் பணமாவது தப்பியிருக்குமே என்றும் நினைத்தேன், வெட்கக்கேடு.

காலேஜில் பணம் கட்டச் சொன்ன வாரம் கேட்டேவிட்டேன். "ஏங்க, தெனமும் கரி பூசிக்கினு வர்ற ஆளு நீங்க. இதுல மட்டும் உங்க மேல ஒரு அடிகூடப் படலியா? குடுங்க அந்த ஃபோன."

கொடுத்தார். திரை முழுக்கச் சிவப்பு. பாதிக்கு மேல் போயிருந்தது.

"கால பின்னால வைக்கணும்னு எனக்கு அவ்ளோ பாடம் நடத்தினீங்களே?"

அவர் தலை நிமிரவில்லை. "அங்க எல்லாரும் பாக்குறாங்க, ஒதுங்கிடுறேன். இங்க யாரு பாக்குறா? ஏறிடும், ஏறிடும்னு நின்னுட்டேன்."

"இப்ப நான் பாக்குறேன். வித்துடுங்க."

என் கண் முன்னாலேயே விற்றார். அந்த மீதியோடு என் கழுத்துச் செயினும் சேர்ந்துதான் பெண் காலேஜுக்குப் போனாள்.

ஷேரை விட்டுவிட்டதாக இப்போது சொல்கிறார். திடலிலிருந்து வந்ததும் பனியனை விரித்து, "பாரு, தோள்ல ரெண்டு" என்று காட்டுகிறார். நான் வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டு, "அது கெடக்கட்டும், ஃபோனக் காட்டுங்க" என்கிறேன்.